ஈரமான பூட்ஸை ரேடியேட்டர் மேல் வைக்காதே

ஆம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி எல்லாரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதுவும் காற்று இரைகிற இடமாகப் பார்த்து நின்றுதான் பேசுகிறாய், பாதி காதில் விழுவதில்லை. எழுதிவைத்தால் இன்னொரு தடவையும் படிக்கலாம் இல்லையா, அதனால்தான்.

முதலில் பூட்ஸ் விஷயம். இங்கிலாந்தில் உங்கள் பக்கத்து மாம் டோர் மலை உச்சியில் நின்று ஒரு படம் அனுப்பினாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கே எல்லாரும் பின்னால் தெரிகிற பள்ளத்தாக்கைப் பார்த்து என்ன பச்சை, என்ன பச்சை என்றார்கள். நான் உன் காலைத்தான் பார்த்தேன். இடது பூட்ஸின் பின்பக்கம் மடிந்திருக்கிறது. லேஸை அவிழ்க்காமலே காலை நுழைத்து, மிதித்து மிதித்துப் போடுகிறாய். பள்ளிக்கூட ஷூவை நீ என்ன பாடு படுத்தினாய் என்று எனக்குத் தெரியாதா? குதிகாலுக்குப் பின்னால், லெதருக்கும் லைனிங்குக்கும் நடுவில், கெட்டியாக ஒரு துண்டு வைப்போம். கவுண்டர் என்று பெயர். குதிகாலை அசையாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அது ஒரு தடவை ஒடிந்தால் ஒடிந்ததுதான். அப்புறம் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், உரசும், கொப்புளம் வரும். புது பூட்ஸ் கடிக்கிறது என்று சொன்னாய். கடிக்கும்படி செய்தது யார்?

லேஸைக் கீழிருந்து தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் ஒட்டவை. பிறகு கட்டு. கணுக்கால் மடிகிற இடத்தில் லேஸை ஒன்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றி இறுக்கிவிட்டு மேல் கொக்கிகளுக்குப் போ. அந்தக் கொக்கிகள் இரண்டையும் நீ விட்டுவிட்டிருக்கிறாய், படத்தில் தெரிகிறது. கணுக்காலைப் பிடிக்கத்தானே உயரமாக வாங்கினாய்? அதைக் கட்டாமல் விட்டால் வெறும் கனம்தான்.

லெதரில் வாங்கினது சரியா, உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் துணி ஷூதான் போடுகிறார்கள் என்று கேட்டாய். நான் லெதர் கம்பெனிக்காரி, வேறென்ன சொல்வேன் என்று நினைத்துக்கொள்ளாதே. துணி ஷூ முதல் நாளே சுகமாக இருக்கும், சீக்கிரம் காயும், கனம் குறைவு. கோடையில் இரண்டு மணி நேரம் நடப்பதற்கு அது போதும். ஆனால் நீ போவது சரளைக்கல்லும் சேறும். பாறை முனையில் உரசி உரசித் துணி ஷூ முதலில் கிழிவது சுண்டுவிரல் பக்கம்தான். லெதர் அங்கே கீறலோடு நின்றுகொள்ளும். முதல் சில வாரம் முரண்டு பிடிக்கும், அப்புறம் உன் கால் எங்கே மடிகிறதோ அங்கே தானும் மடியக் கற்றுக்கொள்ளும். அந்தச் சில வாரத்தை வீட்டுக்குள் கழிக்க வேண்டும். மலையில் கழிக்கக் கூடாது. சமைக்கும்போது போட்டுக்கொள், கடைக்குப் போட்டுப் போ. வாங்கின மறுநாளே அந்த மலையடிவாரத்து ஈடேலில் ரயிலிறங்கி நாள் முழுக்க நடந்தால் கால் என்னாகும்?

சரி, லெதர் நல்லதா என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். விரல் மடிகிற இடத்தில் உள்ளே கட்டை விரலைக் கொடுத்து வெளிப்பக்கத்தை மடக்கிப் பார். பொடிப்பொடியாக, நெருக்கமாகச் சுருக்கம் விழுந்தால் அது முதுகுப் பக்கத்துத் தோல், உழைக்கும். தொளதொளவென்று பெரிய மடிப்பாக எழும்பினால் வயிற்றுப் பக்கம். வயிற்றுத் தோலை நாக்குக்கும் உள்வேலைக்கும் போடுவார்கள், முன்பக்கத்துக்குப் போடுகிறவன் காசு பார்க்கிறவன். செக்கிங்கில் உட்கார்ந்தபோது நான் இப்படி மடக்கிப் பார்த்துத் திருப்பி அனுப்பிய ஜோடிகளுக்குக் கணக்கே இல்லை. சூப்பர்வைசர் முறைப்பார். ஷிப்மென்ட் நேரத்தில் இந்த அம்மா வேறு என்பார்.

அப்புறம் தையல். ஊசி போகிற ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். முன்பக்கம் ஒரே துண்டாக, தையல் குறைவாக இருந்தால் நாள்பட வரும். நாக்கு இரண்டு பக்கமும் மேலே வரை உடம்போடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடையில் காலை வைத்ததும் அந்த வழியாகத்தான் தண்ணீர் வரும், சின்னக் கல்லும் வரும். உன்னுடையது சேர்த்துத் தைத்ததுதான், பார்த்துவிட்டேன். அடியில் மஞ்சள் எண்கோணத்தில் விப்ரம் என்று இருக்கிறது என்றாயே, அந்தச் சோலைச் செய்த இத்தாலிக்காரர் பிரமானி 1935இல் தன்னோடு மலையேறியவர்கள் ஆறு பேர் இறந்ததைப் பார்த்த பிறகு, 1937இல் அந்த ரப்பர் அடியைக் கொண்டுவந்தாராம். கால்களில் போட்டிருந்தது அந்த மலைக்குத் தகுந்ததாக இல்லை என்பதும் ஒரு காரணம். எங்களுக்கு டிரெயினிங் கொடுக்க வந்தவர் சொன்னது. கூட ஆள் இருந்துமே அப்படி. அதற்கு மேல் எழுதவில்லை.

அளவு சரியா என்று இன்னொரு தடவை பார். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, கனத்த கம்பளி சாக்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும். காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் போக வேண்டும். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் விரல் போய் முட்டும், நகம் கறுக்கும். உங்கள் இங்கிலாந்துக் கணக்கில் ஒரு சைஸ் என்றால் எட்டரை மில்லிமீட்டர், ஐரோப்பாக் கணக்கில் ஆறரை சொச்சம். அதனால் பெட்டியில் இரண்டு நம்பர் போட்டிருந்தால் குழம்பாதே, காலை நம்பு. பருத்தி சாக்ஸ் வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும்.

இப்போது முக்கியமானது. ஈரமான பூட்ஸை ரேடியேட்டர் மேல் வைக்காதே. நீ வைக்கிறாய், எனக்குத் தெரியும். போன மாதம் வீடியோ காலில் பின்னால் தெரிந்தது. ஈர லெதர் வேகமான சூட்டில் சுருங்கி, விறைத்து, மடிகிற இடத்தில் வெடிக்கும். அதைவிட ஒன்று. சோலை ஒட்டும்போது பசையை நாங்கள் சூடுகாட்டித்தான் இளக்குவோம், இளக்கி அழுத்தினால்தான் பிடிக்கும். அந்தச் சூட்டை நீ வீட்டில் வைத்து மறுபடி காட்டினால், எங்கள் லைனில் ஒட்டியதை நீயே பிரிக்கிறாய். இன்சோலை வெளியே எடு. பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணி, நனைந்ததும் மாற்று. காற்றோட்டமான மூலையில் வை. இரண்டு நாள் ஆகட்டும்.

கிண்டர் ஸ்கவுட் மலை மேலே இருக்கிற அந்தக் கறுப்புச் சேறு அமிலம் உள்ளது, காய்ந்தால் லெதரின் எண்ணெய்ப் பசையை இழுத்துவிடும். வந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி பிரஷ் போடு. பாதி காய்ந்திருக்கும்போது கிரீம் பூசு, கொஞ்சமாக. எண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், உன்னை எனக்குத் தெரியும். எண்ணெய் குடித்த லெதர் அப்பளம் நமத்த மாதிரி ஆகிவிடும், காலைப் பிடிக்காது. உன்னுடையது வழவழப்பா, மாவு தடவினாற்போல் இருக்கிறதா? மாவு மாதிரி என்றால் நூபக், கிரீம் போட்டால் நிறம் கறுக்கும். பரவாயில்லை, கல்யாணத்துக்கா போடப்போகிறாய். உள்ளே கோர்டெக்ஸ், அதாவது தண்ணீரை உள்ளே விடாமல் வியர்வையை வெளியே விடுகிற துணி, இருந்தால் மெழுகை அப்பாதே, வியர்வை வெளியே போகாது.

இப்படிப் பார்த்துக்கொண்டால் லெதர் உன் சோலைவிட அதிக நாள் வரும். முதலில் தேய்வது அடிதான். குதிகால் ஓரத்தில் அடியில் துருத்திக்கொண்டிருக்கிற கட்டைகள் தேய்ந்து சமமானால் ஈரப் பாறையில் வழுக்கும், அப்போது மாற்று. இன்னொன்று, போடாமல் பெட்டியில் வைத்தால் பூட்ஸ் அப்படியே இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடுவில் வைக்கிற பியூ சோல், அதாவது பாலியூரித்தேன் அடி, காற்றிலிருக்கும் ஈரத்தால் தானாகவே உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும். சில வருஷம் கழித்து எடுத்துப் போட்டால் நடக்க நடக்க மாவாக உதிரும். மாப்பிள்ளையின் பூட்ஸ் எங்காவது பெட்டிக்குள் இருந்தால் எடுத்து வெளியே வைக்கச் சொல்.

ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் வீடு மாறின புதிதில் வாசல் பக்கம் ஒரு பேப்பர் விரித்து இரண்டு ஜோடி வைத்திருந்தீர்கள். அவருடையது பழுப்பு, இடது பூட்ஸின் மூக்கில் ஒரு வெட்டு. தீபாவளி சமயத்தில் நீ கேமராவைத் திருப்பியபோது ஒரு ஜோடிதான் இருந்தது. அதற்கப்புறமும் ஒரு ஜோடிதான். அவருக்கு வேலை அதிகமாக இருக்கும். நைட் ஷிஃப்டாக இருக்கும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள், நான் வாழ்நாள் முழுக்க ஜோடி சேர்த்துப் பார்த்தவள், கண் அங்கேதான் போகிறது. அப்பா, "கேட்காதே, அவள் சொல்லும்போது சொல்வாள்" என்கிறார். பெரியம்மா விஷயத்திலும் இதையேதான் சொன்னார்.

நான் கேட்கவில்லை. பூட்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ நடப்பதில் எனக்குப் பெருமைதான். ரப்பர் செருப்போடு ஏலகிரியில் சுவாமிமலை ஏறி, எங்களுக்கு முன்னால் உச்சியில் உட்கார்ந்து கடலை தின்றவள் நீ. ஷெஃபீல்டிலிருந்து ரயிலேறி அரை மணியில் ஈடேலில் இறங்கி மலைக்குப் போகிறாள் என் பெண் என்று லைனில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். எங்கள் கையில் தைத்த அப்பர், ஷூவின் மேல்பாகம், எல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது, போட்டுக்கொண்டு நடக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறோம் என்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலை, லீவு விட்டால் மலை என்றால் எப்படி? வீட்டில் ஒரு நாள் உட்காரக் கூடாதா? நீ வீட்டுக்குள்ளிருந்து பேசி எத்தனை நாளாயிற்று?

போகாதே என்று சொல்லவில்லை. போ. குளிர்காலத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும், தலையில் மாட்டுகிற டார்ச் எடுத்துக்கொள். எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. மாப்பிள்ளையிடம் சொல்வாய் என்று வைத்துக்கொள்கிறேன். அவரிடம் சொல்ல முடியாத நாள் என்றால் எனக்கு ஒரு மெசேஜ் போடு. எனக்கு இங்கிலீஷ் வராது, 999க்குப் போன் செய்து போலீஸைக் கேட்டு, மலை மீட்புக்காரர்களைக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து அந்த நம்பர் போகாதாம். போகட்டும், நேரமாவது எனக்குத் தெரிந்திருக்கும். ஈர பூட்ஸை ரேடியேட்டர் மேல் வைக்காதே.

தம்பியின் வேலை விஷயம் எழுத உட்கார்ந்தேன், இடம் போய்விட்டது. ஓசூரில் கிடைத்திருக்கிறது, அவனே பேசுவான்.

பார்சலில் முருங்கைக்கீரைப் பொடி, இட்லிப் பொடி, உன் அத்தை கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது. ஊறுகாயைத் தனியாகப் பிளாஸ்டிக்கில் சுற்றியிருக்கிறேன். அதற்கு அடியில் உருண்டை லேஸ் இரண்டு ஜோடி. வட்ட லேஸ் வழுக்கி அவிழும், அதனால் இரட்டை முடிச்சாகப் போடு. 120 செ.மீ. உன்னுடையது. 150 செ.மீ. மாப்பிள்ளையுடையதற்கு, அவர் பூட்ஸில் கண்ணும் கொக்கியுமாக எட்டு வரிசை இருந்தது, அந்தக் கணக்கில் வாங்கினேன். அது தேவைப்படாது என்றால் தேவைப்படாது என்று மட்டும் எழுது. காரணம் எழுத வேண்டாம், டிக்கெட்டுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன், தம்பி விசாவுக்கு எழுதிப் போடுவான். எனக்கு அங்கத்துக் கணக்கில் 5ஆம் நம்பர், வலது கால் கொஞ்சம் அகலம்.

இப்படிக்கு
அம்மா