அச்சையும் காட்சிக்கு வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய எகிப்தில் நீல மெருகோடு செய்து ஓடுகளில் பதித்த அலங்கார வேலைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். பூக்களும் இதழ்களும் படங்களாக இருந்தன. அவற்றை உருவாக்கிய சுட்டமண் அச்சு ஒன்றுகூட இல்லை என்பதே என் குறை.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னர் அக்கெனாத்தென் எழுப்பிய அமர்னா நகரில், 1891-92இல் அகழாய்வு செய்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி இத்தகைய அச்சுகளை ஆயிரக்கணக்கில் கண்டெடுத்தார். களிமண் உருண்டையில் மாதிரி உருவை அழுத்திக் குழியாக்கிச் சுட்டெடுத்தால் அச்சு ஆயிற்று. பொடித்த படிகக்கல்லோடு சிறிது சுண்ணாம்பும் கார உப்பும் செம்புப் பொருளும் கலந்து பிசைந்த, ஃபயான்ஸ் எனப்படும் பசையை அதில் திணித்து, எடுத்து உலர வைப்பார்கள். உலரும்போது உப்பு மேலே பூத்து வரும்; சூளையில் அந்தப் பூப்பே உருகி, கண்ணாடி போன்ற நீல மெருகாகும். உப்புக்காற்றில் சுவர் பூப்பதைப் பார்த்தே வளர்ந்த நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகத் தனியே செய்த சிறு பூக்களைப் பச்சை ஓடுகளின் குழிகளில் பதித்து அரண்மனையை அழகுபடுத்தினார்கள்.

என் தந்தையார் இராமநாதபுரத்தில் நகை வேலை செய்தவர். அவர் மறைந்தபின், அவருடைய வெண்கல அச்சுகளைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டோம். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. மாங்காய் அச்சு ஒன்றுதான் மிஞ்சியது. அதன் வலது ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஏனெனில் அப்பா சுத்தியலைச் சற்றே சாய்த்துத் தட்டுவார். அவர் செய்த எந்த நகையிலும் அந்தக் கைப்பழக்கம் தெரியாது.

அமர்னாவுக்கும், அகழாய்வில் வெளிப்பட்ட நம் மாவட்டத்துப் பழந்துறைமுகமான அழகன்குளத்துக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. இரண்டையும் முடிச்சுப் போடுவது என் நோக்கமன்று. அழகன்குளத்துப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ள, இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனை அகழ்வைப்பகத்தில், இந்த மாவட்டத்துத் தட்டார், குயவர், சங்கு அறுப்போர் ஆகியோரின் அச்சுகளுக்கும் கருவிகளுக்கும் ஓர் அலமாரியேனும் ஒதுக்க வேண்டும் எனத் தொல்லியல் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒதுக்கினால், அந்த மாங்காய் அச்சை நானே கொண்டுவந்து ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கீழக்கரை.