முதல் வரியில் சொல்லிவிடு

அன்புள்ள தம்பிக்கு,

அந்த ஆன்லைன் பிசினஸ் ரைட்டிங் கோர்ஸில் சேர்ந்துவிடு. நீ கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான். ஏன், எப்படி என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். இப்போது நேரம் இல்லையென்றால் இந்த வரியோடு நிறுத்திவிட்டுப் போய் பதிவு செய். மிச்சத்தை விடுமுறை நாளில் படித்துக்கொள்ளலாம்.

வேண்டுமென்றேதான் இப்படி ஆரம்பித்தேன். உன் மெயிலை நீயே ஒரு தடவை திறந்து பார். புது மேனேஜர் வந்தது, முதுகு வலி, மாடி வீட்டுக்காரர் போடுகிற சத்தம் எல்லாம் வரிசையாக வந்த பிறகு, கடைசியில், "அப்புறம் அம்மா, ஒரு கல்லூரியில் ஆன்லைன் பிசினஸ் ரைட்டிங் கோர்ஸ் இருக்கு, சேரலாமா, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்" என்று ஒற்றை வரி. எனக்கு எழுதும்போது அப்படியே எழுது, மாற்றாதே. நான் கடைசிவரை படிப்பேன், அப்புறம் மறுபடியும் படிப்பேன். உன் மேனேஜருக்கு அந்த அவசியம் கிடையாது. மேலே இரண்டு வரியில் விஷயம் கிடைக்கவில்லையென்றால் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமையும் போய்விடும்.

"நாள் முழுக்க இங்கிலீஷ்தானே பேசுகிறேன், இதில் படிக்க என்ன இருக்கிறது" என்றும் கேட்டிருக்கிறாய். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகம் உனக்கு உதவி செய்கிறது. புரியவில்லையென்றால் புருவம் சுருங்கும், நீ உடனே வேறு மாதிரி சொல்வாய். எழுத்தில் அந்த உதவி கிடையாது. நான் வேலை பார்த்த காலமெல்லாம், அடுத்தவர் எழுதி அனுப்பியதைப் படித்து, சுருக்கிக் குறிப்பெழுதி, மேலதிகாரியின் கையெழுத்துக்கு வைப்பதுதான் என் வேலை. இலக்கணப் பிழையால் ஒரு கோப்பு தேங்கி நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. மூன்று பக்கத்துக்குப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, தனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டவர்களின் கோப்புதான் மேசையிலேயே கிடக்கும். பணம் திரும்ப வேண்டுமா, அனுமதி வேண்டுமா, இல்லை சும்மா தகவலுக்காக எழுதினாரா? நாங்கள் எழுதிக் கேட்க வேண்டும், அவர் பதில் போட வேண்டும், மாதம் ஓடிவிடும்.

கொலம்பியா விண்கலத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். கல்பனா சாவ்லா உட்பட 7 பேரோடு 2003 ஜனவரி 16-ல் கிளம்பியது. பிப்ரவரி 1-ல் திரும்பி வரும் வழியில் வானிலேயே சிதறியது. புறப்பட்ட சற்று நேரத்திலேயே எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியிருந்தது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடை விசாரணைக் குழு பிற்பாடு தன் அறிக்கையில் தனியாக எடுத்துப் பேசியது. தலைப்பை மட்டும் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். அடியில், கடைசி வரிகளில்தான் உண்மை இருந்தது. கையில் இருந்த சோதனை 3 கன அங்குலத் துண்டை வைத்துச் செய்தது. மோதிய துண்டோ 1920 கன அங்குலம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 640 மடங்கு! அவ்வளவு பெரிய துண்டுக்கு அந்தச் சோதனையை நம்பி எதையும் சொல்லிவிட முடியாது என்பதுதான் அந்த ஸ்லைடின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். மேலதிகாரி ஒருவர் அதைப் படித்தும் உயிர் போகிற விஷயம் என்று உணராமல் போவது எப்படி என்று எளிதில் புரிகிறது என்ற பொருளில் அந்தக் குழு எழுதியது. ஸ்லைடு சரியாக இருந்தால் 7 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் எழுதியும் இருந்தார்கள், படித்தவர்களிடம் அது போய்ச் சேரவில்லை. அலுவலகங்களில் உயிர் போகாத அளவில் இது தினமும் நடக்கிறது.

அதனால் வகுப்பு ஆரம்பிக்கும்வரை தடித்தடியான இலக்கணப் புத்தகம் வாங்கி உட்காராதே. ஏற்கனவே நீ அனுப்பிய ஆபீஸ் மெயில்களைத் திற. நீளமான ஒன்றை எடுத்து, அதைப் பெற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று நீ நினைத்தாயோ அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடு. பெரும்பாலும் அடியில் இருக்கும், சில மெயிலில் இருக்கவே இருக்காது. அதை மேலே ஏற்றி வை. ஏற்றியதும் அதற்குக் கீழே இருப்பதில் பாதி தேவையில்லை என்று தானாகத் தெரியும். சப்ஜெக்ட் லைனையும் பார். 'ஒரு சந்தேகம்' என்று போட்டால் யாருக்கு என்ன தெரியும்? 'புதன்கிழமை கூட்டத்தை வியாழனுக்கு மாற்றலாமா' என்று போட்டால் மெயிலைத் திறக்காமலேயே பதில் சொல்லலாம். கோர்ஸில் மெமோ, ரிப்போர்ட், ப்ரொபோசல் என்று பெயர்கள் மாறி மாறி வரும். ரிப்போர்ட்டின் முன்பக்கத்தில் ஒரு சுருக்கம் வைக்கச் சொல்வார்கள், அதைக் கடைசியில் எழுது, ஆனால் மேலதிகாரி அதை மட்டும்தான் படிப்பார் என்று நினைத்து எழுது. வடிவங்களைப் பற்றி இவ்வளவு போதும், மற்றதை அவர்களே சொல்லித் தருவார்கள்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதை அவர்கள் சொல்லித் தந்தாலும் பழக்கமாக்குவது உன் கையில் இருக்கிறது. 1998-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், நிறுவனங்கள் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று ஒரு கையேடு வெளியிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் பிரபல அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட். அப்போதெல்லாம் தன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எழுதும்போது, தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாகக் கற்பனை செய்துகொள்வாராம். இருவரும் நல்ல புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் இல்லை. அப்படி நினைத்து எழுத உடன்பிறந்தவர்கள் இல்லாவிட்டால் என் சகோதரிகளைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறார். உனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை, என்னை வைத்துக்கொள். எனக்கு உன் துறை தெரியாது, ஆனால் முட்டாளும் இல்லை. இரண்டையும் சேர்த்து நினைவில் வைப்பதுதான் கஷ்டம். ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தால் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவாய். எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்தாலோ சுருக்கெழுத்துகளாகக் கொட்டுவாய்.

தொனியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. செயப்பாட்டு வினை மாதிரி, செய்தவர் யார் என்று சொல்லாமல் எழுதும் முறையைத் தவிர்க்க வேண்டும் என்று எந்த எழுத்து வகுப்பிலும் சொல்வார்கள். சரிதான், பொறுப்பைத் தட்டிக்கழிக்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். 'தாமதம் ஏற்பட்டுவிட்டது' என்று எழுதினால் யாரால் என்று கேட்கத் தோன்றும். 'நாங்கள் தாமதம் செய்துவிட்டோம், திங்கட்கிழமை அனுப்புகிறோம்' என்றால் கோபம் பாதி அடங்கிவிடும். ஆனால் பிழை எதிராளியுடையது என்றால் கதை வேறு. 'நீங்கள் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை' என்று எழுதினால் விரலை நீட்டுகிற மாதிரி இருக்கும். 'படிவத்தில் கையெழுத்து விடுபட்டிருக்கிறது' என்று எழுதினால் அவர் போட்டு அனுப்பிவிடுவார். நம் தவறென்றால் ஆளைச் சொல், அவர் தவறென்றால் காரியத்தைச் சொல். இல்லை என்று மறுக்கிற கடிதத்துக்கு, இதமாக ஆரம்பித்து, காரணம் சொல்லி, அப்புறம் மறுப்பு, கடைசியில் மாற்று வழி என்று ஒரு வரிசை சொல்லித் தருவார்கள். அசைன்மென்ட்டில் அப்படியே எழுது, மதிப்பெண் கிடைக்கும். வெளியில் எழுதும்போது மட்டும், மறுப்பைப் பஞ்சுக்குள் பொதிந்து வைக்காதே. கடன் கிடைக்காது என்பதைக் கூட மூன்றாவது பத்தியில் தேடிக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் கவுன்ட்டரில் வந்து சத்தம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஆன்லைன் சமாச்சாரம். வீட்டிலிருந்து படிப்பதால் லேசாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு வழக்கமான கணக்கு உண்டு. கோர்ஸின் அளவை கிரெடிட் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் சொந்தப் படிப்பு. 3 கிரெடிட் என்றால் வாரம் 9 மணி நேரம், 15 வாரம். அதே கோர்ஸை 8 வாரத்தில் சுருக்கித் தந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் வந்துவிடும். உன்னுடையது எத்தனை வாரம் என்று நீ எழுதவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு, ஆபீஸில் வேலை குவிகிற மாதத்தோடு மோதுகிறதா என்றும் பார்.

சிலபஸ் வந்த அன்றே அச்செடுத்து, டெட்லைன்களை எல்லாம் போன் காலண்டரில் ஏற்று. இரவு 11:59 என்று போட்டிருப்பார்கள்; அது எந்த ஊர் நேரம் என்று தெரிந்துகொள், உன் கடிகாரத்துக்கு அது மறுநாள் காலையாகவும் இருக்கலாம், அதே நாள் மதியமாகவும் இருக்கலாம். முதல் வாரத்திலேயே லாகின் ஆகிறதா, ஃபைல் ஏறுகிறதா என்று சோதித்துப் பார். அவர்கள் பி.டி.எஃப். கேட்டால் பி.டி.எஃப்.பாகவே கொடு. ஃபைலுக்கு 'ஃபைனல் புதுசு 2' என்றெல்லாம் பெயர் வைக்காமல், உன் பெயரும் அசைன்மென்ட் எண்ணும் போடு. மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று ஒரு அட்டவணை தருவார்கள், எழுதிய பிறகு பார்க்காதே, எழுதும் முன் பார்.

பேராசிரியர் உன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, குரலைக்கூடக் கேட்காமல் போகலாம். சந்தேகம் கேட்டு நீ போடுகிற மெயில்தான் அவருக்கு நீ. வேறு பாடமாக இருந்தால் பரவாயில்லை, இது எழுத்து வகுப்பு! கோர்ஸ் பெயர், எந்த அசைன்மென்ட், நீ ஏற்கனவே எங்கே தேடினாய், என்ன கேள்வி, அவ்வளவுதான். சிலபஸில் இருக்கிற பதிலை மறுபடி கேட்காதே. சக மாணவர்களின் டிராஃப்டைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையும் வரும். அதை ஒப்புக்குச் செய்யாதே, 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் ஒன்றுதான். எந்த இடத்தில் நீ நின்று திரும்பிப் படிக்க வேண்டியிருந்தது என்று சொல், அவருக்கு அது போதும்.

சாட்ஜிபிடி பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2022 நவம்பரில் அது வந்ததிலிருந்து ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறார்கள். சிலர் கூடவே கூடாது என்பார்கள், சிலர் எங்கே பயன்படுத்தினாய் என்று எழுதச் சொல்வார்கள். சிலபஸில் அந்தப் பகுதியை முதலில் படி. இல்லையென்றால் எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வை. என்னைக் கேட்டால், முதல் டிராஃப்ட் உன் கையாலேயே இருக்கட்டும். நமக்கு என்ன வேண்டும் என்று நமக்கே தெளிவாவது அந்த முதல் டிராஃப்டில்தான்; அதை வேறொன்றிடம் கொடுத்துவிட்டால் கட்டணத்தைக் கட்டிவிட்டு வகுப்புக்குப் போகாதது மாதிரி.

முதல் வாரம் எப்படியும் உன்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். ஒரு பத்தி. நீ யார், என்ன வேலை, இந்தக் கோர்ஸிலிருந்து உனக்கு என்ன வேண்டும். இப்போதே எழுதி எனக்கு அனுப்பு, சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறேன். கோர்ஸ் எத்தனை வாரம், கட்டணத்தை எப்போது கட்ட வேண்டும் என்பதையும் அதே மெயிலில் சொல். மேலேயே சொல்.

முதுகு வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? அதற்கும் பதில் வேண்டும்.

அன்புடன்,
அம்மா