காஞ்சிப் பட்டு ரசீதில் கோர்வையும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் நாளிதழ்களின் முழுப்பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும் ஜவுளிக்கடை விளம்பரங்களில் 'காஞ்சிப் பட்டு' என்னும் பெயர் தாராளமாகப் புழங்குகிறது. அந்தச் சேலை கைத்தறியில் நெய்ததா, விசைத்தறியில் நெய்ததா, கரை கோர்வையாக (உடலையும் கரையையும் தனித்தனி இழையில் நெய்து ஒன்றோடொன்று பிணைக்கும் முறையில்) இணைக்கப்பட்டதா என்ற விவரம் மட்டும் அவற்றில் என் கண்ணில் பட்டதில்லை. கடையில் கேட்டாலும், "பியூர் சில்க்தாம்மா, சில்க் மார்க் இருக்கு" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

2004-ல் அறிமுகமான சில்க் மார்க், இழை தூய பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது. விசைத்தறியில் ஓடிய தூய பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறியில் நெய்தது என்பதற்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரை தனியாக உள்ளது. காஞ்சிபுரம் பட்டு 2005-ல் பெற்ற புவிசார் குறியீடோ ஊரையும் மரபையும் பற்றியது. இப்படி மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளில் ஒன்றைக் காட்டியே மற்ற இரண்டையும் வாயடைத்துவிடும் வழக்கம் கடைகளில் வேரூன்றியிருக்கிறது.

கோர்வை என்பது வெறும் அலங்காரம் அன்று. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் (குறுக்கிழையைக் கொண்டு செல்லும் தறிக்கருவிகள்) ஓடும் அந்த நெசவில், உடலின் ஊடை, அதாவது குறுக்கிழை, கரைக்குள் நுழையாமல் எல்லையிலேயே கரையின் ஊடையைப் பற்றிக்கொண்டு திரும்புகிறது. அரக்குக் கரை அரக்காகவும் கிளிப்பச்சை உடல் கிளிப்பச்சையாகவும் கலப்பின்றி நிற்பதும், இரண்டும் சேரும் இடத்தில் தாழம்பூ ரேக்கு என்னும் கரை வடிவம் பல்பல்லாக ஏறுவதும் இதனால்தான். உடலின் ஊடையே கரை முழுவதும் ஓடிய சேலையில் கரையின் நிறம் சற்றுக் கலங்கித் தெரியும். கடையின் மஞ்சள் விளக்கொளியில் இது பிடிபடாது. பகல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்க வேண்டும். (வாசலுக்கு எடுத்துச் சென்று பார்க்கிறேன் என்றால் சில கடைகளில் முகம் சுளிக்கிறார்கள்.)

இந்த நெசவை ஒருவர் தனியாகச் செய்வது கடினம். மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ளித் தர ஒரு துணையாள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த வேலையில் சிறுவர்களை உட்கார வைத்தார்கள்; அந்தக் கொடுமை ஒழிய வேண்டியதே. ஆனால் அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குரிய கூலியைச் சேலையின் விலை தாங்கியாக வேண்டும். கோர்வைக்கும் கோர்வையல்லாததற்கும் உள்ள வேறுபாடே வாங்குபவருக்குத் தெரியாதபோது, அவர் எதற்காகக் கூடுதல் விலை கொடுப்பார்? நெசவாளர்தான் எதற்காகக் கூடுதல் நாட்கள் தறியில் உட்காருவார்?

விசைத்தறிச் சேலையை நான் குறை கூறவில்லை. குறைந்த விலையில் பட்டுடுத்த விரும்புவோருக்கு அது நல்ல வழியே. ஒரே பெயரில், ஒரே அலமாரியில், ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டையும் விற்பதையே கண்டிக்கிறேன். சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டம் 1985 முதல் இருந்துவருகிறது. எனினும் அந்தச் சட்டத்தின் கண் விசைத்தறிக் கூடத்தின் மீதே இருக்கிறது. வாங்குபவர் ஏமாறுவதோ கடைக் கல்லாவில்.

எனவே தமிழக அரசின் கைத்தறித் துறைக்கு ஒரு வேண்டுகோள். தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டதுபோல, குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட பட்டுச் சேலை ஒவ்வொன்றின் ரசீதிலும் அது எந்தத் தறியில், எந்த ஊரில் நெய்யப்பட்டது, கோர்வை உண்டா இல்லையா, வெள்ளியும் தங்கமும் சேர்ந்த அசல் சரிகையா, செம்புக் கம்பியில் செய்த 'டெஸ்டட்' சரிகையா என்பவற்றை எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையைச் சேலையோடு இணைத்துக் கோ-ஆப்டெக்ஸ் விற்றுக் காட்டியிருக்கிறது. தனியார் கடைகளால் நான்கு வரி எழுத முடியாது என்பதை ஏற்பதற்கில்லை. எழுத்தில் தந்தால்தான், பின்னர் பொய் என்று தெரியவரும்போது நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்க வாங்கியவரிடம் ஓர் ஆவணம் இருக்கும்.

சட்டம் வரும்வரை, 'காஞ்சிப் பட்டு' என்று விளம்பரம் தர வரும் கடைகளிடம் கைத்தறியா விசைத்தறியா என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு நாளிதழ்களே கேட்கலாம். தங்கள் நாளிதழ் அதைத் தொடங்கிவைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
செங்கல்பட்டு.