நிலாவெளிக் கிணற்று நீரைப் பரிசோதித்துத் தரக் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், குச்சவெளி,
திருகோணமலை மாவட்டம்.

விடயம்: பைப்புகளில் சுண்ணாம்பு கட்டுதல், கிணற்று நீரின் வன்மையை அளந்து அறிவித்தல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நிலாவெளியில் கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டுத் தாங்கிக்கு ஏற்றிப் பாவிக்கிற வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறோம். புதுப் பைப் பூட்டிக் கொஞ்ச நாளிலேயே வாயைச் சுற்றி வெள்ளையாகக் கட்டிவிடுகிறது, சவரில் பாதித் துளை அடைத்து மீதித் துளையால் வருகிற தண்ணீர் ஆளில் படாமல் சுவரில் அடிக்கிறது, கேத்தலுக்குள் பார்த்தால் சிப்பி ஒட்டினது மாதிரி ஒரு தடிப்பு. சவர்க்காரம் நுரைக்காது.

நிலத்தடி நீரில் கரைந்திருக்கிற கல்சியமும் மகனீசியமும்தான் காரணம் (இவை எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் நீரின் வன்மை என்கிறார்கள்), தண்ணீர் சூடாகும்போதும் காயும்போதும் அது கல்சியம் காபனேற்றாகப் படிகிறது, அது எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் இதை எடுக்க ஆட்கள் பாவிக்கிற சாமானைப் பார்த்தால்தான் பயம். மலசலகூடம் கழுவுகிற அசிட்டைப் பைப்பில் ஊற்றுகிறார்கள், மினுக்கம் போய் உள்ளே பித்தளை தெரிகிறது. சிலர் அதோடு குளோரின் வெளிற்றியையும் கலக்கிறார்கள், அதில் நச்சு வாயு வரும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வினாகிரியில் நனைத்த துணியைப் பைப் வாயில் சுற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும். இரவு முழுக்க மட்டும் விடக்கூடாது.

அப்புறம் ஃபில்டர் விற்க வீடு வீடாக வருகிறவர்கள். கிளாஸ் தண்ணீருக்குள் கரண்ட் கம்பியை விட்டு, அது மண்ணிறமாக மாறியதும் "இதைத்தான் குடிக்கிறீங்கள்" என்கிறார்கள். கம்பியிலிருக்கிற இரும்பு கரைந்துதான் அந்த நிறம் வருகிறது, எங்கள் கிணற்றுக்கு அதில் பங்கில்லை. இருந்தாலும் சிறுநீரக நோய் என்ற பேச்சு காதில் விழுந்தபடியே இருப்பதால் சனம் கடன்பட்டு வாங்குகிறது. சுண்ணாம்பு கட்டுகிற தண்ணீரெல்லாம் நஞ்சில்லை, வன்மை தனியே உடம்புக்குக் கெடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை. ஆனால் அதே தண்ணீரில் புளோரைட்டோ நைத்திரேற்றோ கூடியிருந்தால் அது வேறு கதை, கண்ணால் பார்த்து அதைச் சொல்லவும் முடியாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆகவே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமாகவோ நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடம் மூலமாகவோ எங்கள் பகுதிக் கிணறுகளில் மாதிரி எடுத்து, வன்மை, உப்பு, புளோரைட், நைத்திரேற்று ஆகியவற்றை அளக்க ஒழுங்கு செய்யுங்கள். கோடை முடியும்போது ஒருமுறை, மாரி மழைக்குப் பிறகு ஒருமுறை எடுத்தால்தான் சரியாகத் தெரியும். இலங்கைத் தர நிர்ணயம் 614 இன்படி குடிநீரில் மொத்த வன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எங்கள் கிணறு அதற்கு மேலேயா கீழேயா என்று தமிழில் எழுதி, கிராம அலுவலர் அலுவலகத்தில் ஒட்டினால் போதும். பைப் கழுவுகிற முறையையும் அதே தாளில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நிலாவெளிக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)