கர்ப்பிணியின் இரத்தக் கசிவை அலட்சியம் செய்யாதீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்ப்ப காலத்தில் இரத்தம் கசிந்தால், 'பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் வருவதுதான்' என்று தேயிலைத் தோட்ட லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மூத்தவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதல் ஆபத்தானது. அரிதாகவே எனினும், அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கருப்பைக் கழுத்தின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையைக் கர்ப்பிணிக்கும் செய்யலாம், சிசுவுக்குத் தீங்கில்லை. புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் மட்டுமென்றால், பெரும்பாலும் கண்காணித்துவிட்டுப் பிரசவத்துக்குப் பின்னரே சிகிச்சை அளிக்கிறார்கள். புற்றுநோயே என்றாலும், எல்லாருக்கும் கருவைக் கலைப்பதுதான் வழி என்றில்லை. நோயின் நிலையையும் கர்ப்ப மாதத்தையும் பொறுத்து, முதல் மூன்று மாதங்கள் கடந்தபின் கீமோதெரபிகூடக் கொடுக்க முடிகிறது. இதை எத்தனை கணவன்மார் அறிவார்கள்?

பெண்களின் நலம் பேணும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலேயே பாப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணோ அதற்காக ஒரு நாள் பேரை (நாட்கூலிக்கான வேலைப் பதிவை) இழக்கிறாள். தோட்ட நிர்வாகங்கள் அந்த நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும்.

வாசகி,
ஹட்டன்