தாலி கட்டும் முன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியிலேயே கண் நிறைந்துவிட்டது. உன் மகளுக்குக் கல்யாணம்! சக்கர நாற்காலியில் அவளும், பக்கத்தில் மண்டியிட்டு அவனுமாகச் சிரிக்கும் படத்தை என் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். சமையலறைக்குப் போகும்போதெல்லாம் ஒரு முறை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த யோசனை என்னைத் தூங்கவிடவில்லை. கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டு, பதிவு செய்யாமல் சேர்ந்து வாழட்டும், அப்படியென்றால் அரசுப் பணம் நிற்காது என்று யாரோ சொன்னார்களாம். அதைக் கேட்டு எதுவும் செய்துவிடாதே.

அவளுக்கு மாதாமாதம் வருவது அவள் அப்பாவின் சோஷியல் செக்யூரிட்டிக் கணக்கிலிருந்து, அதாவது வேலை செய்த காலத்தில் அமெரிக்க அரசுக்கு அவர் வரி கட்டிச் சேர்த்த கணக்கிலிருந்து, வருகிற பணம். அவர் ஓய்வு பெற்றார், அவளுடைய குறைபாடு 22 வயதுக்கு முன்பே தொடங்கியது, அதனால் பிள்ளை என்ற உரிமையில் கிடைக்கிறது. மெடிகேர் என்கிற அவளுடைய அரசு மருத்துவக் காப்பீடும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான். பிள்ளை என்ற உரிமை என்பதால், கல்யாணம் ஆனதும் இரண்டும் நின்றுவிடும். ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. கட்டிக்கொள்கிறவனும் சோஷியல் செக்யூரிட்டியில் பணம் பெறுகிறவனாக இருந்தால், தான் வேலை செய்து சேர்த்த கணக்கில் ஊனத்துக்காகப் பெறும் எஸ்.எஸ்.டி.ஐ. போல ஏதாவது வந்தால், அவளுடையது தொடரும். எஸ்.எஸ்.ஐ. மட்டும் பெறுகிறவன் என்றால் தொடராது. எஸ்.எஸ்.ஐ.யையும் அதே அலுவலகம்தான் கொடுக்கிறது என்றாலும், அது வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்குப் பொதுவரிப் பணத்திலிருந்து தருவது. ஊரில் இரண்டையும் சேர்த்து 'டிசபிலிட்டி' என்றே சொல்கிறார்கள். நீயும் உன் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். அவனுக்கு வருவது இரண்டில் எது?

பதிவு செய்யாத தாலிக்கு வருகிறேன். நீ இருப்பது டெக்சாஸில். அங்கே இருவர் கணவன் மனைவியாக இருக்கச் சம்மதித்து, சேர்ந்து வாழ்ந்து, பிறரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டால், உரிமம் வாங்காவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது திருமணம்தான். சொந்தக்காரர்கள் முன்னால் தாலி கட்டி, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திவிட்டு, திருமணம் ஆகவில்லை என்று உன் மகள் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவாள்?

அவனுக்கு வருவது எஸ்.எஸ்.ஐ. என்றால் இன்னும் கடினம். எந்த மாநிலமானாலும், ஊருக்குக் கணவன் மனைவியாகக் காட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பவர்களைத் தம்பதியாகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்கென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக அதை நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். உறவினரிடமும் நண்பர்களிடமும் இவரை யார் என்று அறிமுகப்படுத்துகிறீர்கள், கடிதங்கள் எந்தப் பெயரில் வருகின்றன, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்று வரிசையாகக் கேட்கிறது. தன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவை எப்படி அறிமுகம் செய்கிறார் என்ற கேள்விக்கு அந்தப் பெரியவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என் வீட்டுக்காரி என்றுதான் சொல்வேன்" என்றார். பேனாவை வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தம்பதி என்று முடிவானால் ஒருவர் வருமானம் மற்றவரின் கணக்கில் ஏறும். 2025இல் எஸ்.எஸ்.ஐ.யின் அதிகபட்ச மத்தியத் தொகை தனி ஆளுக்கு 967 டாலர், தம்பதிக்கு 1,450. இருவர் தனித்தனியே பெற்றால் 1,934 வந்திருக்கும். அன்பு வைத்த குற்றத்துக்கு மாதம் 484 டாலர் அபராதம்! சேமிப்பு வரம்பு தனி ஆளுக்கு 2,000, தம்பதிக்கு 3,000. 1989இல் வைத்தது, இன்னும் ஏறவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. ஆனாலும் மறைக்காதீர்கள். பிறகு தெரியவந்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள், பாரம் உன் மகள் தலையில் விழும்.

என் செய்தியும் கேள். நூலகத்தில் பழக்கமான நண்பரைப் பற்றிப் போன வருடம் எழுதியிருந்தேன் அல்லவா? நாங்கள் மணந்துகொள்ள முடிவு செய்துவிட்டோம், ஆனால் எனக்கு 60 முடிந்த பிறகுதான். அதற்கு முன்னால் மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை அவர் கணக்கிலிருந்து, மறைந்த என் கணவரைத்தான் சொல்கிறேன், விதவைக்கு வரவேண்டிய தொகை கிடைக்காது. 60க்குப் பிறகு மணந்தால் ஒரு தடையும் இல்லை. முப்பது வருடம் அவர் உழைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பது மாத அவசரத்தில் அதை விட்டுவிட மனம் வரவில்லை. நண்பரும், "காத்திருப்போம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

நம் விடுதி அறைத்தோழியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். மணமாகி ஒன்பது வருடம் எட்டு மாதத்தில் விவாகரத்து வாங்கினாள். பத்து வருடம் நிறைந்திருந்தால், மறுமணம் செய்யாத அவளுக்கு 62 வயதில் முன்னாள் கணவரின் கணக்கில் உரிமை இருந்திருக்கும். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை ஒரு மளிகைக் கிடங்கில் ஆறு வருடம் வேலை பார்த்தான் என்று எழுதியிருந்தாய். எனக்கு நம்பிக்கை தருவது அந்த வரிதான். உடம்பு முடியாமல் போவதற்கு முன்னால் உழைத்துக் கட்டிய வரியில் வருவதாக இருந்தால், இருவரும் பதிவு அலுவலகத்துக்கே தலைநிமிர்ந்து போகலாம். அவனுக்கு வந்த ஒப்புதல் கடிதத்தை எடுத்து முதல் பக்கத்தை எனக்குப் படம் பிடித்து அனுப்பச் சொல். அதைப் பார்க்கும்வரை மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதே. சனிக்கிழமை மாலை உன் மகளையே என்னோடு பேசச் சொல். புடவை நிறம் பற்றியும் அவளிடம் கேட்க வேண்டும்.

என்றும் உன்,
பழைய விடுதித் தோழி