'அலகு' எங்கே போனது? மாவட்டத் தரவுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

பெரும்போக நெல் கொள்வனவுச் சீட்டுகளை எக்ஸ்எம்எல் (தரவைப் பெயரிட்ட உறுப்புகளாக அடுக்கும் வடிவம்) கோப்பாகவே அனுப்ப வேண்டும் என்று தாங்கள் பணித்ததையும், தாங்கள் தந்த மாதிரி நிரலின்படி நாங்கள் அனுப்பிய கோப்பு மூன்று முறை திரும்பி வந்ததையும் தாங்கள் அறிவீர்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

கோப்பில் நெல்லின் நிறையைத் தாங்கும் ஒவ்வொரு 'நிறை' உறுப்புக்கும் 'அலகு' என்ற பண்பு, அதாவது உறுப்போடு ஒட்டிவரும் குறிப்பு, இருக்க வேண்டும். தங்கள் மாதிரியில் அதை உருவாக்கும் கிறியேற்அற்றிபியூற் (createAttribute) என்ற கட்டளை வரி இருக்கிறது. 'கிலோ' என்ற பெறுமதியை இடும் வரியும் இருக்கிறது. அத்தோடு மாதிரி முடிந்துவிடுகிறது. உருவாக்கிய பண்பை செற்அற்றிபியூற்நோட் (setAttributeNode) என்ற கட்டளை கொண்டு உறுப்பில் பொருத்தும் வரை, அது யாருக்கும் சொந்தமில்லாமல் நினைவகத்தில் கிடக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, கோப்பும் ஒழுங்காகச் சேமிக்கப்படும், அலகு மட்டும் இராது. "அலகு இல்லை" என்ற இரண்டு சொற்களோடு கோப்பு திரும்பிய அன்று, சம்மாந்துறைப் பக்கத்து வட்டையொன்றிலிருந்து வந்த விவசாயி ஒருவர், நெற்காசு எப்போது கிடைக்கும் என்று கேட்டபடி எங்கள் வாங்கில் மாலை வரை இருந்தார். தன் கண்முன்னே கிலோவில் நிறுக்கப்பட்ட நெல்லுக்கு அலகு இல்லை என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வது?

விடுபட்ட வரியை நாங்களே தேடிச் சேர்த்தோம். முதற்சீட்டு சரியாக வந்தது, இரண்டாவதில் நிரல் நின்றுவிட்டது. தங்கள் மாதிரி பண்பை, ஒவ்வொரு சீட்டுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சிக்கு வெளியே ஒரே தடவை உருவாக்கி வைத்திருக்கிறது. ஆனால் ஓர் உறுப்பில் பொருத்திய பண்பை அப்படியே இன்னோர் உறுப்பில் பொருத்த முடியாது, 'பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழையே எழும். எக்ஸ்எம்எல் கோப்புகளை நிரல்கள் கையாளும் முறையை வகுக்கும் டொம் (DOM) தரத்தின், 1998இல் வெளியான முதலாம் நிலைப் பரிந்துரையிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. பெயரையும் பெறுமதியையும் பெற்று உருவாக்கல், பொருத்தல் இரண்டையும் ஒரே அழைப்பில் முடிக்கும் செற்அற்றிபியூற் (setAttribute) கட்டளையும் அதே பரிந்துரையில்தான் இருக்கிறது. ஆகவே மாதிரி நிரலைத் திருத்தி, அந்த ஒரே வரியை அதில் இடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

தங்கள் கையேட்டில் குத்துவிளக்கேற்றும் படங்கள் நான்கு உண்டு. விளக்கை ஏற்றத் தெரிந்தவர்களுக்குப் பண்பை ஏற்ற மட்டும் ஏன் தெரியவில்லை என்று எங்கள் சங்கத்தில் ஒருவர் கேட்டார். தொலைபேசியில் கேட்டாலோ, கையேட்டைப் பாருங்கள் என்ற பதிலே கிடைக்கிறது. எங்கள் பக்கத்துக்கு வரும் எந்தப் படிவத்துக்கும் இதே கதிதான்: நிரப்பும் பொறுப்பு எங்களுக்கு, பிழை இருந்தால் அதுவும் எங்களுக்கு.

பொறுத்தருள்க, கோபம் சற்று மிகுந்துவிட்டது. மாதிரி நிரலைத் திருத்தித் தருமாறும், திருத்தம் வரும்வரை திரும்பிய கோப்புகளைப் 'பிந்திக் கிடைத்தவை' என்று பதியாதிருக்குமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த விவசாயி வரும் திங்கட்கிழமையும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

இங்ஙனம்,
கணினிப் பொறுப்பாளர்,
நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று,
அம்பாறை மாவட்டம்.